சம்மாட்டி அண்ணையின் கட்டடத்துக்குக் கவுன்சில் கொடுத்த வாடகை

டிலானி, அமல்,

போன கிழமை சாப்பிடும்போது, டிலானி, நீ ஒரு கதை சொன்னாய். உன்னுடைய கவுன்சில் வாடகைக்கு எடுத்திருக்கிற அலுவலகக் கட்டடங்களுக்கு எவ்வளவு கொடுக்கிறது என்று பொதுமக்களுக்கு வெளியிடப் போகிறார்களாம், அந்த வேலையை உன்னிடம் தந்திருக்கிறார்களாம். "ஈஸி வேலை அப்பா, எக்செல்லில இருக்கிறதைத் தூக்கி வெப்சைட்டில போடுறதுதான்" என்றாய். மேசையில் நான் பேசத் தொடங்கினால் நீளும், நீங்கள் ஃபோனை எடுப்பீர்கள். அதனால் எழுதுகிறேன். விளங்காத சொல் வந்தால் அம்மாவைக் கேளுங்கள். அமல், நீ வேறு திணைக்களத்தில் இருந்தாலும் வாசி. உங்களோடு புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளுக்கும் விருப்பமென்றால் சொல்லுங்கள்.

நான் படித்தது பத்தாம் வகுப்பு வரைக்கும்தான். லண்டனுக்கு வந்து காவல் வேலை பார்த்து, பிறகு ஒரு கவுன்சிலில், ஊரில் நகரசபை என்போமே, அதில் தபால் பிரிக்கிற அறையில் நின்று, அங்கிருந்து கட்டடங்களைப் பார்க்கும் பிரிவுக்குப் போனேன். என்னை அங்கே எடுத்தவர் எங்கள் மனேஜர். வெம்பிளியிலிருந்து வருகிற குஜராத்திப் பெண்மணி. எனக்கு வேலை பழக்கியது அவர்தான்.

நான் சேர்ந்த புதிதில் ஒருவர் வந்து, ஒரு விளையாட்டுக் கழகத்துக்கு ஏன் வாடகையில்லாமல் அறை கொடுத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அதைச் சொல்ல முடியாது என்று அனுப்பிவிட்டேன். மனேஜர் என்னைக் கூப்பிட்டு, ஏன் சொல்ல முடியாது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஒரு விஷயத்தை மறைக்கிறதென்றால், மறைக்கிறதற்கான காரணத்தைக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆளின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவேண்டும், அப்படிச் சொல்லக் கூசினால் அது காரணமே இல்லை என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தேத்தண்ணீர்க் கோப்பையைக் கழுவிக்கொண்டே சொன்னார். வேலை செய்த காலமெல்லாம் எனக்கு உதவியது அந்த ஒரு அளவுகோல்தான். ஒரு தடவை அதுவே என்னைப் போட்டு உலுப்பியது.

அந்த வருடம் கவுன்சில் ஒரு நூலகத்தை மூடியது. காசில்லை என்றார்கள். அந்தத் தெருவில் இருந்த ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண்மணி கூட்டமொன்றில் எழும்பி, நூலகத்துக்குக் காசில்லையென்றால் உங்கள் அலுவலகங்களுக்கு மட்டும் யாருக்கு எவ்வளவு வாடகை கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். அவர் விடவில்லை. கடைசியில் எல்லா வாடகையையும் வெளியிடுகிறோம் என்று கவுன்சிலர்கள் வாக்குக் கொடுத்தார்கள். திகதியும் சொன்னார்கள். கட்டடச் சொந்தக்காரர் எல்லாருக்கும் அறிவித்தல் போனது. ஆட்சேபம் இருந்தால் எழுதலாம் என்று அதில் இருந்தது. பெரிய கம்பனிகளின் வக்கீல்மார் பக்கம் பக்கமாக எழுதினார்கள். சின்னச் சொந்தக்காரர்கள் எழுதவில்லை. சம்மாட்டி அண்ணையும் எழுதவில்லை.

சம்மாட்டி அண்ணையை உங்களுக்குத் தெரியும். ஆனால் நீங்கள் பார்த்தது மாதா கோவிலில் பின்வரிசையில் நிற்கிற மனிதரை. அதற்கு முந்தி அவர் இருந்த இருப்பு வேறு. மன்னார்ப் பக்கம் அவருடைய அப்பா சம்மாட்டியார், சொந்தத்தில் வள்ளம் வலை வைத்து ஆட்களுக்கு வேலை கொடுத்தவர். அந்தப் பெயர் மகனோடு லண்டன் வரைக்கும் வந்தது. ஃபாரஸ்ட் கேட்டில் அவருக்குப் பலசரக்குக் கடை. அதோடு பழைய தளபாடக் கடை ஒன்றின் கட்டடத்தையும் வாங்கினார். வாங்கின நேரம் சரியில்லை. கட்டடம் சும்மா கிடந்தது, வங்கி நெருக்கியது. அப்போது எங்கள் கவுன்சில் நீண்ட காலத்துக்கு அதை எடுத்தது. அதற்குப் பிறகு பூசை முடிந்து கோவில் வாசலில் நின்றால் அவருக்கு ஒரே பகிடிதான்: "என்ர கட்டடத்தில இருக்கிறது அரசாங்கம். வாடகை பிந்தினா பிரதமருக்குத்தான் ஃபோன் அடிப்பன்."

கேட்டவர்கள் எல்லாரும் அவருக்கு அள்ளி வருகிறது என்று நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் அந்த வாடகை மிகவும் குறைவு. பயத்தில் இருந்த ஆளிடம் கவுன்சில் குறைத்துப் பேசியது. இத்தனை வருடத்துக்குக் கூட்டுவதில்லை என்றும் எழுதியிருந்தது. அவர் கையெழுத்துப் போட்டார். இது எனக்கு வேலையால் தெரியும். உங்கள் அம்மாவுக்குக்கூடச் சொன்னதில்லை. திருநாள் உபயத்துக்கு அவர் பெயரை வாசிக்கும்போதெல்லாம் நான் குனிந்துகொண்டு இருப்பேன். அலுவலகத்தில் அறிந்ததைக் கோவிலுக்குக் கொண்டுவரக் கூடாது. பிள்ளைகள், நம்முடைய சனத்துக்குள் வேலை செய்கிறவர்களுக்கு இது மற்றவர்களைவிடக் கஷ்டம். ஆனாலும் அப்படித்தான்.

அந்தப் பெருமையை அவர் சும்மா வைத்திருக்கவில்லை என்பதுதான் விஷயம். இங்கே புதிதாக விசா கிடைத்த சனத்துக்கு வீடு வாடகைக்கு எடுப்பது எவ்வளவு சிரமம் என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் பிறந்தபோது எங்களுக்கு வீடு இருந்தது. சம்பளம் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் வசதியான ஒருவர் பிணை நிற்க வேண்டும். எங்கள் கோவில் பங்குச் சனத்தில் யாருக்கு வீடு தேவையென்றாலும் சம்மாட்டி அண்ணையிடம்தான் போவார்கள். அவர் வீட்டு ஏஜென்டிடம் வந்து, கவுன்சில் என் கட்டடத்தில் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்வார். கையெழுத்துப் போடுவார். வீடு கிடைத்துவிடும்.

அறிவித்தலுக்குப் பதில் எழுதும் காலம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் பிறகு என்னைக் கார் நிற்கிற பக்கம் கூட்டிப்போனார்.

"தம்பி, உந்த லிஸ்ட் போடுறது நிச்சயமோ?"

"ஓம் அண்ணை. எல்லாக் கட்டடத்துக்கும்தான்."

"எல்லாத்தையும் போடுங்கோ. என்ரைய மட்டும் ஒரு மாசம் பிந்திப் போட ஏலாதோ?"

ஏன் அறிவித்தலுக்குப் பதில் எழுதவில்லை என்று கேட்டேன். அரசாங்கத்தோடு கடிதத்தில் வாதாடப் போகக் கூடாது, பெயர் பதிவாகிவிடும் என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாங்கள் வந்த இடத்தில் அதுதான் புத்தி. அரசாங்கத்திடமிருந்து ஏதாவது வந்தால் பேசாமல் இருப்பது, உள்ளே நம்முடைய ஆள் யார் என்று தேடுவது. இங்கே பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

"ஒரு மாசத்தில என்ன அண்ணை?"

"ஜெசிந்தாவுக்கு மனோர் பார்க்கில வீடு சரிவந்திருக்கு. அந்தப் பிள்ளை ரெண்டு குஞ்சுகளோட ஒரு அறையில கிடக்குது. நான்தான் பிணை. வீட்டுத் திறப்புக் கையில வரும் வரைக்கும்தான் கேக்கிறன். கூட வாடகை எண்டா நான் ஏன் பயப்படப்போறன்? நீர் பாத்திருப்பீர்தானே. குறைவு தம்பி."

ஜெசிந்தாவின் கணவர் அப்போது இங்கே வந்துசேரவில்லை. மூத்தது பொடியன். சின்னது மகள், கோவிலில் முதல் நன்மை வகுப்பில் டிலானியோடு இருந்தவள். கவுன்சில் தற்காலிகமாகக் கொடுத்த அந்த அறையையும் விடச் சொல்லியிருந்தார்கள். வீடு கிடைக்காவிட்டால் லண்டனுக்கு வெளியே எங்காவது அனுப்புவார்கள்.

அடுத்த நாள் காலையில் முதல் வேலையாக மனேஜரிடம் போய், இந்தக் கட்டடத்துச் சொந்தக்காரர் எனக்குப் பழக்கமானவர், தான் பிணை நிற்கிற ஒரு குடும்பத்துக்கு வீடு கிடைக்கும் வரைக்கும் பிந்திப் போடச் சொல்லி என்னிடம் கேட்டார் என்று சொன்னேன். இதை மறக்காதீர்கள். தெரிந்த ஆள் வந்து பேசினால், என்ன செய்வது என்று யோசிக்க முந்தியே மேலே சொல்லிவிட வேண்டும். யோசித்துவிட்டுச் சொன்னால் அதில் நம்முடைய ஆசை கலந்துவிடும்.

அவர் அந்தக் கட்டடத்தை என் கையிலிருந்து எடுத்தார். பிறகு, ஒரு குடும்பம் வீடில்லாமல் போகும் என்பது கவுண்டரில் சொல்லக்கூடிய காரணம்தானே என்று அவராகவே சொன்னார். காலம் முடிந்தாலும் புதன்கிழமைக்குள் எழுதித் தரட்டும், நான் பார்க்கிறேன் என்றார். எனக்குச் சந்தோஷம். வேலை முடிய நேரே ஃபாரஸ்ட் கேட்டுக்குப் போனேன். சம்மாட்டி அண்ணை கடைக்கு வெளியே முருங்கைக்காய்க் கட்டுகளை அடுக்கிக்கொண்டு நின்றார்.

"நாலு வரி எழுதித் தாங்கோ அண்ணை. இந்தக் குடும்பத்துக்குப் பிணை நிக்கிறன், திறப்புக் கிடைக்கும் வரைக்கும் பொறுங்கோ எண்டு. நானே கொண்டுபோய்க் குடுக்கிறன்."

அவர் அடுக்குவதை விட்டார்.

"எழுதினா உம்மட மனேஜர் என்ன கேப்பா? வாடகை தெரிஞ்சா ஏஜென்ட் ஏன் பின்வாங்குவான் எண்டு கேக்கமாட்டாவோ?"

"கேப்பா."

"அதுக்கு நான் என்னத்தைச் சொல்ல?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. இத்தனை வீட்டுக்குப் பிணை நிற்கிற வருமானம் அவரிடம் இல்லை. அதை எழுதினால் தன் கையாலேயே ஒப்புக்கொடுத்த மாதிரி.

"நான் பொய் சொல்லேல்லை தம்பி. கவுன்சில் என்ர கட்டடத்தில இருக்குது எண்டன். அவன் தலையை ஆட்டிப்போட்டு எழுதிக்கொண்டான். எவ்வளவு எண்டு கேட்டிருந்தா சொல்லியிருப்பன். ஒருத்தனும் கேக்கேல்லை."

"எத்தினை வீட்டுக்கு நிக்கிறீங்கள்?"

"எண்ணிறேல்லை." முருங்கைக்காய்க் கட்டு ஒன்றை எடுத்துத் திருப்பி வைத்தார். "ஆனா ஒண்டு சொல்லுறன். ஒரு வீட்டுக்கும் நான் கட்ட வேண்டி வரேல்லை. ஒருத்தரும் என்னைக் கவிழ்க்கேல்லை. சம்மாட்டியாரை வெக்கப்படுத்தக் கூடாதெண்டு பட்டினி கிடந்தும் கட்டினவை இருக்கினம்."

அது உண்மை. எனக்கும் அப்படிச் சிலரைத் தெரியும். இல்லாத பணத்தின் பேரில் அவர் கொடுத்த பிணை, வங்கிக்காரன் கொடுக்கிற பிணையைவிட உறுதியாக நின்றது. ஆனால் அதை எந்தக் கவுண்டரில் போய்ச் சொல்வது? அவர் எழுதவில்லை. போகும்போது ஒரு கட்டு முருங்கைக்காய் தந்தார். வாங்கக் கூடாது என்று தெரியும். வேண்டாம் அண்ணை என்றேன். வற்புறுத்தவில்லை. அதிலேயே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

இனித்தான் டிலானி, உனக்குச் சொல்ல வந்த விஷயம்.

அவருடைய கட்டடம் என் கையை விட்டுப் போனது, நான் தப்பினேன் என்று நினைத்தேன். இல்லை. பெரிய கம்பனிகளின் ஆட்சேபங்களை வாசித்து, அவை போதுமா போதாதா என்று கருத்து எழுதும் வேலையை மனேஜர் எனக்குத் தந்திருந்தார். அவற்றை ஏற்றுக்கொண்டால், சிலருடையதை மறைத்துச் சிலருடையதைக் காட்ட முடியாது, பட்டியலில் வாடகை போடுகிற நிரலையே எடுத்துவிட்டு முகவரிகளை மட்டும் போடுவோம் என்றும் சொல்லியிருந்தார். அப்படியென்றால் சம்மாட்டி அண்ணையின் வாடகையும் வெளியே வராது. ஜெசிந்தாவுக்கு வீடு கிடைக்கும். நான் "போதும்" என்று எழுதினால் போதும்.

ஒரு கோப்பை உங்கள் கையிலிருந்து எடுத்துவிட்டால் அதோடு உங்களுக்குத் தொடர்பு விட்டுவிட்டது என்று நம்பாதீர்கள். பக்கத்துக் கோப்பு வழியாக அது திரும்பி வரும். வந்தபோது இதையும் மனேஜரிடம் சொன்னேன். அவர், நீ எழுது, உன் கருத்தை நான் இன்னொருவரிடமும் காட்டுவேன் என்றார்.

வக்கீல்மார் எழுதியதை மூன்று நாளாக வாசித்தேன். ஆங்கிலம் நல்ல ஆங்கிலம். ஆனால் திரும்பத் திரும்ப ஒரே விஷயம்தான். எங்கள் வாடகை தெரிந்தால் மற்ற வாடகைக்காரர்களும் குறைத்துக் கேட்பார்கள், வியாபாரத்துக்குக் கூடாது என்று. ஒரு கட்டடத்தில் இரண்டு மாடி வெறுமையாகக் கிடந்தது. கவுன்சில் அதற்கும் வாடகை கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த வயதான பெண்மணி கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறார் என்று நினைத்துப் பார்த்தேன். அவரிடம் நான் சொல்ல வேண்டியது இது: அம்மா, உங்கள் நூலகத்தை மூடினோம், வெறும் மாடிக்குக் கொடுக்கிற வாடகையைச் சொன்னால் அந்தக் கம்பனிக்குக் கஷ்டம், அதனால் சொல்ல மாட்டோம். என்னால் அதைச் சொல்ல முடியாது. பிறகு ஜெசிந்தாவை அந்தப் பக்கம் நிறுத்திப் பார்த்தேன். அவளிடமும் எதையும் சொல்ல முடியவில்லை. ஆனால் என்னிடம் கேட்ட கேள்வி அவளைப் பற்றியது அல்ல.

காரணங்கள் போதாது என்று எழுதினேன். மனேஜர் காட்டிய மற்றவரும் அதையே சொன்னார் என்று பிறகு அறிந்தேன். மனேஜர் வாசித்துவிட்டு, உன் ஆள் எழுதித் தரவில்லையா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பட்டியல் சொன்ன திகதிக்கு வெளிவந்தது. உள்ளூர்ப் பத்திரிகை அந்த வெறும் மாடிகளைப் பிடித்துக்கொண்டது. பிறகு கவுன்சில் அந்தக் கட்டடத்தைக் கைவிட்டது. அது நல்ல காரியம். நூலகம் திறக்கவில்லை.

எங்கள் பங்கு வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு பொடியன் சம்மாட்டி அண்ணையின் வரியை மட்டும் படமெடுத்துப் போட்டான். சிரிக்கிற முகங்கள் வரிசையாக விழுந்தன. ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலில் ஒருவர் எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக, "அண்ணை, அரசாங்கம் உங்களுக்கு வாடகை தருதோ, தருமம் தருதோ?" என்றார். சம்மாட்டி அண்ணையும் சேர்ந்து சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்த்திருக்கக் கூடாது என்று எனக்கு இருந்தது.

வீட்டு ஏஜென்டும் நம்முடைய ஆள்தான், அதே குழுவில் இருந்தவர். அவர் சண்டை பிடிக்கவில்லை. உங்கள் பிணை காணாது, ஆறு மாத வாடகையை முன்னுக்குக் கட்டினால் பார்க்கலாம் என்று ஜெசிந்தாவுக்குச் சொல்லி அனுப்பினார். அவளிடம் ஒரு மாதத்துக்கும் இல்லை. பங்கில் சேர்த்துக் கொடுக்கலாம் என்று சிலர் பேசினோம். பேச்சு முடிய முந்தி வீடு வேறு ஆளுக்குப் போய்விட்டது. அவளைக் கடற்கரைப் பட்டினம் ஒன்றுக்கு அனுப்பினார்கள். போக முந்தின நாள் பஸ் தரிப்பில் கண்டேன். கையில் இரண்டு பெரிய பை.

"கடல் பக்கமாம் அண்ணை," என்றாள். "எங்களுக்குக் கடல் பழக்கம்தானே."

என் வேலை என்ன, நான் எதை எழுதினேன் என்று அவளுக்குத் தெரியாது. சொல்லி அவளுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஒரு பையைத் தூக்கிப் பஸ்ஸில் வைத்தேன். சின்னவள் டிலானிக்கு ஏதோ சொல்லச் சொன்னாள். சொன்னேனோ தெரியவில்லை.

அதற்குப் பிறகு நான் மனேஜரிடம் ஒன்று கேட்டேன், அவரும் சம்மதித்தார். ஒவ்வொரு முறை பட்டியல் போட முந்தியும் சின்னச் சொந்தக்காரர்களை நானே ஃபோனில் கூப்பிட்டு, அறிவித்தலில் என்ன இருக்கிறது, பேசாமல் இருந்தால் என்ன நடக்கும் என்று அவர்களுக்கு விளங்குகிற மொழியில் சொல்வேன். கம்பனிக்கு வக்கீல் இருக்கிறான். இவர்களுக்கு ஒருவரும் இல்லை. டிலானி, நீ எக்செல்லைத் தூக்கிப் போட முந்தி இதைச் செய். அதைச் செய்தாலும் ஒருவருக்கும் நோகாது என்று நான் சொல்ல மாட்டேன்.

அந்தக் கருத்தை இன்றைக்கு எழுதச் சொன்னாலும் அதையேதான் எழுதுவேன். வெளியே தெரிய வேண்டியது தெரியத்தான் வேண்டும். ஆனால் சரியானதைச் செய்துவிட்டால் மனம் லேசாகிவிடும் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு ஆகவில்லை.

சம்மாட்டி அண்ணையின் கடைக்குப் போக எனக்குச் சில மாதம் எடுத்தது. அவர் என்னை உட்காரச் சொன்னார். கோபமா அண்ணை என்று கேட்டேன்.

"நீர் உம்மட வேலையைச் செய்தனீர். அதில எனக்குக் கோவமில்லை. இனி ஒருத்தரும் பிணை கேட்டு என்னட்ட வரமாட்டினம். அதுதான் தம்பி, பின்னேரத்தில கடையில இருக்க ஒரு மாதிரிக் கிடக்கு."

நான் ஓய்வு பெற்ற வருடம் எங்கள் பங்குச் சுவாமி கோவில் முகப்பில் ஒரு தாள் குத்தியிருந்தார். புதிதாக வந்த குடும்பங்களுக்கு வீடு எடுக்கப் பிணை நிற்கக்கூடியவர்கள் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதவும் என்று. பல கிழமையாக அது வெறுமையாகவே இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் மற்றவர்கள் மாதிரி அதைக் கடந்து போய்க்கொண்டிருந்தேன். ஒரு வார நாள் காலையில், பூசை இல்லாத நேரம், பஸ் எடுத்துப் போனேன். முகப்பில் ஒருவரும் இல்லை. முதல் கோட்டில் என் பெயரை எழுதினேன், இலக்கத்தை எழுதினேன். அதற்குக் கீழே, அவர்கள் கேட்காவிட்டாலும், மாதம் எனக்கு வருகிற பென்ஷன் எவ்வளவு என்று கடைசிப் பென்ஸ் சில்லறை வரைக்கும் எழுதினேன். தாளின் ஒரு மூலையில் குண்டூசி கழன்றிருந்தது. அதைப் பெருவிரலால் அழுத்திவிட்டு வந்தேன்.